எட்டுக்கால் சில்லு

அக்கா மகனுக்காக 2023இல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570, எட்டு ஜிபி. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் கணக்கு முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை இரவு பகலாக அந்த நாணயத்தைத் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகளுக்கெல்லாம் ஒரே நாளில் வேலை போய், அவை உலகமெங்கும் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. "மைனிங் கார்டா?" என்று கேட்டேன். "சேச்சே, வீட்ல ஒரு பையன் கேம் ஆடுன கார்டு சார். பாருங்க, தூசிகூட இல்ல" என்றார் கடைக்காரர். ஐந்து வயதான கார்டில் தூசி இல்லை என்றால், விற்பதற்காக யாரோ கழுவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தெரிந்துதான் வாங்கினேன். விலை அப்படி.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். படம் வந்தது. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். "மாமா, டிரைவர் ஏற மாட்டேங்குது" என்றான். ஏற்றினால் திரை ஒருமுறை கறுத்துத் திரும்பும். பட்டியலில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம், பிழை எண் 43. விண்டோஸையே புதிதாகப் போட்டுப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தோம். மூன்று மாலைகள் போயின. நான்காம் நாள், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கழற்றிக் கையில் வைத்துப் புரட்டியபோதுதான் மேல் விளிம்பில் அது கண்ணில் பட்டது. நெல்மணி அளவுக்கு ஒரு சுவிட்ச். நகத்தால் தள்ளிவிட்டு மறுபடி மாட்டினேன். எல்லாம் சரியாகிவிட்டது. கார்டில் ஒன்றுக்கு இரண்டு பயாஸ் இருந்திருக்கிறது. அதில் ஒன்றை யாரோ திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

ஒரு கிராஃபிக்ஸ் கார்டைப் பிரித்துப் பார்த்தால் கண் முதலில் போவது நடுவில் இருக்கும் பெரிய சில்லுக்குத்தான். இந்தக் கார்டில் அது சிறுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சதுரம். உள்ளே 570 கோடி டிரான்சிஸ்டர்கள். பெயரும் எண்ணும் ஒத்துப்போவது தற்செயல். ஓரமாகக் காய்ந்த பட்டாணி அளவில், பக்கத்துக்கு நாலாக எட்டுக் கால் வைத்த ஒரு சாதுவான சில்லும் இருக்கும். பயாஸ் குடியிருப்பது அதில்தான். அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். போனில் எடுத்த ஒரு புகைப்படத்துக்கே இதைப் போல் பல மடங்கு இடம் வேண்டும். ஆனால் கார்டு கண் விழித்ததும் முதலில் படிப்பது இதைத்தான். நீ யார், எவ்வளவு வேகமாக ஓடலாம், அந்த வேகத்துக்கு எத்தனை வோல்ட் கேட்கலாம், மொத்தம் எத்தனை வாட் குடிக்கலாம், எத்தனை டிகிரியில் ஃபேன் இரைய வேண்டும், எப்போது பயந்து வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்தனுப்பிய சீட்டு மாதிரி. 570 கோடியும் அந்தச் சீட்டுக்குக் கட்டுப்பட்டவை.

கெட்ட பயாஸ் எனக்கு இப்போது தேவையில்லை. ஆனாலும் அதில் என்னதான் எழுதியிருந்தார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. சுவிட்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்து இரண்டையும் கோப்பாக எடுத்து, அருகருகே திறந்து வைத்து ஒப்பிட்டேன். பெரும்பகுதி அச்சு அசல். வித்தியாசம் இருந்தது மிகச் சில இடங்களில். நினைவகத்தின் ஒவ்வொரு வேகத்துக்கும் 48 பைட் நீளத்தில் ஓர் எண்வரிசை உண்டு. ஒரு கட்டளைக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு அது. வேகம் ஏற ஏறக் காத்திருப்பும் கூடும்படி தொழிற்சாலை எழுதியிருக்கும். என் கார்டின் முன்னாள் உரிமையாளர், மெதுவான வேகத்துக்குரிய இறுக்கமான வரிசையை எடுத்து, வேகமான இடங்களில் எல்லாம் ஒட்டியிருந்தார். இந்த ஒரே வேலையால் ஆர்எக்ஸ் 570 எத்தேரியம் தோண்டும் வேகம் நொடிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று மெகாஹாஷிலிருந்து இருபத்தொன்பது பக்கம் போகும். மைனிங் செய்தவர்களுக்கு இது அரிச்சுவடி போல. ஒட்டிய பிறகு, கோப்பின் கூட்டுத்தொகை சரிவர ஒரு பைட்டையும் மாற்ற வேண்டும். அதையும் மாற்றியிருந்தார்.

எனக்கு ஆச்சரியம் வேறிடத்தில் இருந்தது. நடுச்சில்லின் வேகத்தை அவர் கூட்டவில்லை, குறைத்திருந்தார். 1244 மெகாஹெர்ட்ஸ் இருந்த இடத்தில் 1150. வோல்டேஜ் 1.15 இருந்த இடத்தில் 0.9. சில்லின் மின்செலவு, வோல்டேஜின் வர்க்கத்தை வேகத்தால் பெருக்கினால் வருவது. கணக்குப் போட்டால் தொழிற்சாலை கொடுத்ததில் பாதிக்குச் சற்று மேல்தான் இந்தச் சில்லு மின்சாரம் குடித்திருக்கிறது. மைனிங் கார்டு என்றால் அடித்து நொறுக்கி ஓட்டியிருப்பார்கள் என்பதுதானே பேச்சு? இந்த மனிதர் ஒரு தேர்ந்த வண்டிக்காரரைப் போல் மாட்டைத் தட்டிக்கொடுத்து ஓட்டியிருக்கிறார். மின்கட்டணம் அவருடையது, எங்கே விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று அளந்திருக்கிறார். செய்த நிறுவனத்துக்கு அந்த வகைக் கார்டு தெரியும். அவருக்கு இந்தக் கார்டு தெரிந்திருந்தது.

எழுதிய வேகத்துக்கு மேலே ஓட்டிப் பார்க்கும் ஓவர்கிளாக் என்கிற கலையே இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு சில்லுகள் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று 1.05 வோல்ட்டில் ஓடும் வேகத்துக்கு இன்னொன்று 1.15 கேட்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஜாதகம் எழுத நிறுவனத்துக்கு நேரம் கிடையாது. கூட்டத்திலேயே சோனியான சில்லும் கோடை மதியத்தில் தடுமாறாமல் ஓடும்படி ஓர் எண்ணை எழுதிவிடுவார்கள். அதனால் நல்ல சில்லு கிடைத்தவருக்கு எண்ணுக்கு மேலே கொஞ்சம் இடம் கிடைக்கிறது. இதைச் சிலிக்கான் லாட்டரி என்பார்கள். அந்த இடம் எவ்வளவு என்று துழாவிப் பார்ப்பதுதான் வேலை. பத்து மெகாஹெர்ட்ஸ் கூட்டு, அரை மணி நேரம் ஓட்டு, விழுந்தால் ஒரு படி இறங்கு. பொறுமை இல்லாதவர்களுக்கு உகந்தது அல்ல.

துழாவும் கை ஒரு சுவரில் முட்டும். அந்தச் சுவர் எதனால் ஆனது என்பதுதான் என்னை இத்தனை பக்கம் எழுத வைக்கிறது.

இயற்கை கட்டிய சுவர் ஒன்று உண்டு. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட வோல்டேஜையும் பத்து சதவீதம் கூட்ட வேண்டி வந்தால், 1.1ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 1.331. பத்துக்கு ஆசைப்பட்டு முப்பத்துமூன்று கொடுக்கிறோம். அந்த முப்பத்துமூன்றும் வெப்பமாக அறைக்குள் வரும். சுவர் எங்கே என்று கார்டு தன் பாஷையில் சொல்லும். நினைவகம் தாங்காவிட்டால் திரையில் வண்ணப் பொரி தெளித்தது போல் புள்ளிகள், சதுரங்கக் கட்டங்கள். நடுச்சில்லு தாங்காவிட்டால் படம் உறையும், கறுக்கும். ஜிடிடிஆர்5 நினைவகத்தில் இன்னொரு சூட்சுமம்: பிழை வந்தால் அதுவே கண்டுபிடித்து மறுபடி அனுப்பச் சொல்லும். அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் எண் ஏறிக்கொண்டே போகும், வேகம் இறங்கிக்கொண்டே போகும், திரையில் ஒரு குறையும் தெரியாது. நாம் வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

கண்ணுக்கே தெரியாமல் நடப்பதும் உண்டு. சில்லுக்குள் ஓடும் இழை போன்ற உலோகக் கம்பிகளில், எலெக்ட்ரான்களின் ஓட்டமே அணுக்களை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போகும், ஆற்று நீர் மணலை அரிப்பது போல. ஓட்டத்தின் அடர்த்தியும் வெப்பமும் கூடினால் அரிப்பு எவ்வளவு விரைவுபடும் என்பதற்கு ஜேம்ஸ் பிளாக் 1969இலேயே சமன்பாடு எழுதிவிட்டார். கூடுதல் வோல்டேஜ் கொடுத்த அன்றைக்கே கார்டு சாவதில்லை. அதன் ஆயுளிலிருந்து எடுத்து இன்றைக்குச் செலவு செய்கிறோம். இந்தச் சுவரோடு எனக்குச் சண்டையில்லை. யாருக்கும் இருக்க முடியாது.

தொழிற்சாலை எழுப்பும் சுவர் வேறு மாதிரி. மாம்பழ மண்டியில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த பழத்தைத் தரம் பிரிக்கிறார்கள். அடிபட்டது இரண்டாம் தரக் கூடைக்குப் போகிறது. கிராஃபிக்ஸ் சில்லும் அப்படித்தான். சில கணக்கிடும் அலகுகள் பழுதாகப் பிறந்தால் அவற்றை அணைத்துவிட்டு, மலிவான பெயரில் விற்பார்கள். இதில் தப்பொன்றுமில்லை; இல்லாவிட்டால் அந்தச் சில்லு குப்பைக்குத்தான் போக வேண்டும். சிக்கல் எப்போது என்றால், விளைச்சல் நன்றாக இருந்து, மலிவுக் கூடைக்கு ஆள் அதிகம் வரும்போது. அப்போது நல்ல பழத்தையே எடுத்து மலிவுக் கூடையில் போட வேண்டியிருக்கும். போடுமுன் அதற்கு ஒரு வடு உண்டாக்க வேண்டும். இல்லையென்றால் முதல் தரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

2010 டிசம்பரில் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் எச்டி 6950 இப்படிப்பட்ட பழம். அதில் 1408 கணக்கிடும் அலகுகள். எழுபது டாலர் கூடுதலாகக் கொடுத்து 6970 வாங்கினால் 1536. தொடக்க நாளின் 6950 கார்டுகள் பலவற்றில் அந்த மீதி 128 அலகுகளும் நல்ல உயிரோடு இருந்தன. அவற்றை உறங்க வைத்தது பயாஸில் இருந்த ஒரு வரி. 6970இன் பயாஸை எழுதினால் எழுந்து உட்கார்ந்தன. கார்டிலேயே இரட்டை பயாஸ் சுவிட்ச் இருந்ததால் பயமுமில்லை. பிறகு வந்த கார்டுகளில் வடுவைச் சில்லிலேயே வெட்டிவிட்டார்கள். 2016 ஜூன் கடைசியில் வந்த ஆர்எக்ஸ் 480இல் இன்னும் வேடிக்கை. நாலு ஜிபி என்று 199 டாலருக்கு விற்ற முதல் கார்டுகள் சிலவற்றில் எட்டு ஜிபியும் பற்றவைத்தபடி இருந்தது. எட்டு ஜிபி கார்டின் பயாஸை எழுதினால் நாற்பது டாலர் மிச்சம். பாதி வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சாவி நிலைப்படியின் மேலேயே இருந்தது.

2017 ஆகஸ்டில் வந்த வேகா 56இல் கதை மாறுகிறது. வேகா 64இன் பயாஸை அதில் எழுதலாம், எழுதினார்கள். நினைவகத்துக்கான வோல்டேஜ் 1.25இலிருந்து 1.35 ஆகும், அதன் வேகம் 800 மெகாஹெர்ட்ஸிலிருந்து 945 ஆகும். சாம்சங் நினைவகம் அமைந்தவர்களுக்கு அதிர்ஷ்டம். ஹைனிக்ஸ் அமைந்தவர்கள் பலருக்குத் திரை கறுத்தது. ஆனால் கணக்கிடும் அலகுகள் 3584 என்றிருந்தது 4096 ஆகவே இல்லை. அந்த அலகுகளின் கழுத்தைச் சில்லுக்குள்ளேயே மின்னுருகி வைத்துச் சுட்டுவிட்டார்கள். தொழிற்சாலையில் ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான். எந்தச் சீட்டில் என்ன எழுதினாலும் செத்தவர் எழுந்து வரப் போவதில்லை. அவை பழுதாகப் பிறந்தவையா, நன்றாகப் பிறந்து விலைக்காகச் சுடப்பட்டவையா என்பதை அந்தக் கார்டை வாங்கியவர் இனி எப்படியும் அறிய முடியாது.

மூன்றாவதாக ஒரு சுவர். சிலிக்கான் மணலாலும் ஆனதல்ல, உருகியாலும் ஆனதல்ல. கையெழுத்தால் ஆனது.

என்னுடைய ஆர்எக்ஸ் 570 திருத்திய பயாஸை மறுக்கவில்லை. படம் காட்டியது. மறுத்தது விண்டோஸில் இருந்த டிரைவர். அது பயாஸின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இந்தச் சீட்டு எங்கள் ஆபீசில் எழுதியதல்ல என்று உட்கார்ந்துகொண்டது. தோண்டியவர்கள் டிரைவரை ஒரு சின்ன நிரலால் ஒட்டுப்போட்டு அதைச் சமாளித்தார்கள். அதாவது காவலாளி வாசலில் இருந்தார், கொல்லைப்புறம் திறந்திருந்தது. அடுத்த தலைமுறை வேகாவில் காவலாளி வீட்டுக்குள் வந்துவிட்டார். கார்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்புச் சில்லு, கையெழுத்து இல்லாத பயாஸைப் படிக்கவே மாட்டேன் என்கிறது. போட்டி நிறுவனமான என்விடியா இதை இன்னும் முன்பே செய்துவிட்டது. 2014இன் மேக்ஸ்வெல் கார்டுகள்வரை பயாஸைத் திருத்தி வாட் வரம்பையும் வோல்டேஜையும் கூட்டிக்கொள்ளலாம். 2016 மே மாதம் ஜிடிஎக்ஸ் 1080 வந்தது. அந்தக் கதவு சாத்தப்பட்டது. வோல்டேஜ் 1.093க்கு மேல் போகாது. வேறொரு நிறுவனம் அதே சில்லுக்கு எழுதிக் கையெழுத்து வாங்கிய பயாஸை மாற்றிப் போடலாம், அவ்வளவுதான். அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். நம் அளவுக்குத் தைத்துக்கொள்ள முடியாமல் போனது.

சீட்டைத் திருத்த முடியாதென்றதும் ஆட்கள் தராசைத் திருத்தப் போனார்கள். கார்டுக்குள் மின்சாரம் நுழையும் வழியில் அரிசி நீளத்துக்கு ஓர் உலோகத் துண்டு இருக்கும், ஐந்து மில்லி ஓம் மின்தடை. அதன் இரு முனைக்கும் இடையில் விழும் மிகச் சிறிய வோல்டேஜை அளந்துதான் கார்டு தான் எத்தனை வாட் குடிக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. அதே அளவுள்ள இன்னொரு மின்தடையை அதன் முதுகில் பற்றவைத்தால் இரண்டும் சேர்ந்து இரண்டரை ஆகிவிடும். முந்நூறு வாட் உள்ளே போகும். நூற்றைம்பதுதான் என்று கார்டு நம்பும். சென்னைக்காரர்கள் பழைய ஆட்டோ மீட்டருக்குச் சூடு வைத்ததைப் பார்த்திருப்பார்கள். இது அதன் மறுபக்கம்: மீட்டர் குறைத்துக் காட்டச் சூடு வைப்பது. எந்தக் கையெழுத்துக்கும் இது தெரியாது. கணிதத்தால் கட்டிய சுவரை ஈயப்பற்று தாண்டிவிடுகிறது. நான் செய்ததில்லை. என் கை நடுங்கும், கார்டு என் அக்கா மகனுடையது.

கையெழுத்து வைத்தவர்களுக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 சில்லை எடுத்து, பயாஸில் பெயரை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற கூட்டம் ஒன்று இருந்தது. அவ்வளவு பேர் ஏமாந்ததால் 2018இல் ஜிபியு-இசட் என்கிற சோதனை நிரல், போலிக் கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்று எழுதிக் காட்டத் தொடங்கியது. கையெழுத்து கட்டாயமானால் அந்த வியாபாரம் படுக்கும். எரிந்த கார்டை ஒன்றும் தெரியாத முகத்தோடு வாரண்டிக்குக் கொண்டுவருபவர்களையும் எண்ண வேண்டும். இவை நியாயமான காரணங்கள்.

ஆனால் இந்தப் பூட்டு போட்ட கைகள் ஒழுங்காக இருந்தனவா? ஆர்எக்ஸ் 480 வந்த புதிதில் மதர்போர்டின் இடுக்கிலிருந்து அனுமதிக்கப்பட்ட 75 வாட்டுக்கு மேல் இழுத்தது. வீட்டில் யாரும் ஓவர்கிளாக் செய்யவில்லை, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே. ஓரிரு வாரத்தில் டிரைவரை மாற்றிச் சரிசெய்தார்கள். ஆர்டிஎக்ஸ் 3060 கதை அதைவிட ருசியானது. 2021 பிப்ரவரியில் என்விடியா அதை வெளியிட்டபோது, எத்தேரியம் தோண்டினால் வேகம் பாதியாகும்படி ஒரு கடிவாளம் போட்டார்கள். டிரைவரும் சில்லும் பயாஸும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு, யாராலும் அவிழ்க்க முடியாது என்றார்கள். யாரும் அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம் என்விடியாவே வெளியிட்ட சோதனை டிரைவர் ஒன்று, 470.05, கைதவறுதலாகக் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் லாப்சஸ் என்ற களவுக் கூட்டம் என்விடியாவுக்குள் புகுந்தது. அவர்களது கோரிக்கைகளில் ஒன்று இந்தக் கடிவாளத்தை எடுக்க வேண்டும் என்பது. அங்கிருந்து போன கையெழுத்துச் சான்றிதழ்களைக் கொண்டு பிறகு நாசநிரல்களுக்குக் கையெழுத்திட்டார்கள். கையெழுத்து நம்பிக்கைக்காக வைக்கப்பட்டது என்பது நிறுவனங்களின் வாதம், சரி.

இதில் என்னை அதிகம் உறுத்துவது விளையாடுபவர்களின் இழப்பு அல்ல. லினக்ஸுக்காக நூவோ என்றொரு கட்டற்ற டிரைவர் பல ஆண்டுகளாக எழுதப்பட்டு வருகிறது. நிறுவனம் ஆவணம் தராத இடங்களில், கார்டு பேசுவதை ஒட்டுக்கேட்டு, ஊகித்து, பொறுக்கிச் சேர்த்து எழுதியவர்கள் அவர்கள். 2014இன் இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் முதல் ஃபேனையும் வேகத்தையும் தொட வேண்டுமானால் கையெழுத்திட்ட நிரல் வேண்டும் என்றாயிற்று. அவர்களிடம் கையெழுத்து இல்லை. அதனால் ஜிடிஎக்ஸ் 1080 போன்ற கார்டு நூவோவில், கண் விழித்த கணத்தில் இருந்த அடிமட்ட வேகத்திலேயே ஊர்ந்தது. அவர்கள் வேகத்தைக் கூட்டக் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை எட்டத்தான் கேட்டார்கள்.

ஓவர்கிளாக் செய்து கிடைப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து சதவீதம், பத்து சதவீதம். நானும் என் மருமகனும் ஒரு மே மாத இரவில் செய்து பார்த்தோம். 1244ஐ 1380க்குத் தள்ளினோம். அவன் ஆடும் விளையாட்டில் நொடிக்கு 61 படம் வந்தது 65 ஆனது. ஃபேன் மிக்சி போல இரைந்தது. வெப்பம் 84 டிகிரி. "மாமா, கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான். எனக்கும் தெரியவில்லை. எங்கள் காலத்தில் யமஹா ஆர்எக்ஸ் 100இன் சைலென்சரைக் கழற்றி, கார்புரேட்டர் ஜெட்டை மாற்றிக்கொண்டு திரிந்தவர்களும் ஊர் போய்ச் சேர்ந்தது மற்றவர்கள் போன நேரத்துக்குத்தான். சத்தம்தான் முன்னால் போனது.

ஆனாலும் அந்த இரவில் அவனுக்கு ஒன்று தெரிந்தது. 1390இல் விழுந்தது, மூன்று முறை முயன்றும் விழுந்தது. இது இந்தச் சில்லின் எல்லை, இதே பெயரில் இருக்கும் இன்னொரு கார்டுக்கு வேறு எல்லை இருக்கும் என்று புரிந்துகொண்டான். அது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. முட்டிப் பார்த்துத் தெரிந்தது. பூட்டிய கார்டில் அவனுக்கு இது கிடைத்திருக்காது. ஓர் எண்ணில் நின்றிருக்கும். நின்றது மணல் களைத்ததாலா, உருகி எரிந்ததாலா, ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒரு மேலாளர் அடுத்த மாடலின் விற்பனையைக் காக்க வேண்டும் என்று நினைத்ததாலா என்று பிரித்தறிய வழியே இருந்திருக்காது. மூன்று சுவருக்கும் வெளியிலிருந்து பார்க்க ஒரே வெள்ளைதான் அடித்திருக்கிறது. வேகத்தைப் பூட்டட்டும், எனக்கு வருத்தமில்லை. எந்தச் சுவர் எது என்று தட்டிப் பார்க்கும் உரிமையைப் பூட்டியதில்தான் என் புகார். வாரண்டி போகும் என்று எழுதி ஒரு சுவிட்ச் வைத்தால் போதும். எரிந்தால் என்னைச் சேர்ந்தது என்று நான் கையெழுத்துப் போடத் தயார். அந்தக் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை.

கடைசியில் கார்டை நாங்கள் 1244க்கே கொண்டுவந்தோம். பிறகு, முன்னாள் உரிமையாளரின் கணக்கை நினைத்துக்கொண்டு, வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தேன். 1.15 தேவையே இல்லை, 1.02இலேயே அசையாமல் ஓடியது. வர்க்கக் கணக்குப்படி இருபது சதவீத மின்சாரம் மிச்சம். ஃபேன் சத்தம் அடங்கிவிட்டது. வெப்பம் 71. அவருடைய பயாஸ் இன்னும் மறுபக்கத்தில் அப்படியே இருக்கிறது. நல்ல பக்கத்தில் கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டே சுவிட்சைத் தள்ளி, அதன் மேல் புதிதாக எழுதி அழித்துவிடலாம். பத்து நிமிட வேலை. மனம் வரவில்லை. அந்த 48 பைட் வரிசைகளைக் கண்டுபிடிக்கவும் அந்த 0.9ஐத் தொடவும் அவர் எத்தனை இரவு முட்டி விழுந்திருப்பாரோ.

பழைய கார்டு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். டிரைவர் ஏறாவிட்டால் கார்டைக் குறை சொல்லும் முன், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மேல் விளிம்பில் அந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.